அடைப்புக்குள் அமெரிக்கா

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் என்னை இன்றைக்கும் சிலர் அமெரிக்காக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அமெரிக்காவை விமானத்தின் ஜன்னல் வழியாகக் கூடப் பார்த்ததில்லை. இருபத்தேழு வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் இரண்டு அறை வாடகை வீடு. காலையில் அங்கிருந்து நடந்து வந்து, லா சப்பலில் ஒரு சின்ன அச்சகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, கலியாண அட்டையும் பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீட்டு அட்டையும் மரண அறிவித்தலும் செய்கிறவள் நான். அந்தப் பெயர் எனக்கு வந்ததற்கு ஒரு ஸ்வெட்டரும் ஒரு பொய்யும் காரணம்.

ஸ்வெட்டரை அனுப்பியது என் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து முதலில் வெளிநாடு போனவர் அவர். அதுவும் மற்றவர்களைப் போலக் களவாக எல்லை கடந்து அல்ல, உதவித்தொகை கிடைத்து, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படிக்க ராசா மாதிரிப் போனார். போன அடுத்த வருடம் கொழும்பு வழியாக யாரோ ஒருவரிடம் ஒரு பார்சல் வந்தது. கருஞ்சிவப்பு ஸ்வெட்டர். நெஞ்சுக்குக் குறுக்கே கல்லூரியின் பெயர் வெள்ளை எழுத்தில். யாழ்ப்பாண வெயிலில் அதை யார் போடுவது? அப்பா அதை அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன் ஸ்வெட்டர் வந்துவிடும். கோயில் சுவாமியார் வந்தபோதும் வந்தது. கிணறு இறைக்க வந்த ஆளுக்கும் காட்டினார். அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கல்லூரி என்றால் அப்போது எங்களுக்கு அது கல்லூரி இல்லை, சொர்க்கத்தின் முன்வாசல்.

நான் பாரிஸுக்குப் புறப்பட்டபோது அப்பா அதை மடித்து என் பையின் மேலே வைத்தார்.

“அங்கை குளிராம். போடு. ஆரும் கேட்டால் அண்ணையின்ரை கல்லூரி எண்டு சொல்லு.”

வந்த முதல் குளிர்காலம் லா சப்பலில் ஒரு மளிகைக் கடையில் வேலை. பின்பக்கம் உட்கார்ந்து வெண்டிக்காய்ப் பெட்டியில் அழுகியதைப் பொறுக்க வேண்டும், கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாக்க வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும். என் விசா அலுவல்கள் ஒன்றும் சரிவராத காலம். ஒருநாள் விடியவே வரிசையில் நின்று, ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, நேரே கடைக்கு வந்திருந்தேன். கடைக்காரர் என் ஸ்வெட்டரை அப்போதுதான் கவனித்தார் போல. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டார்.

“என்ன பிள்ளை, அமெரிக்காவிலையோ படிச்சனீர்?”

அப்பா சொல்லித்தந்த பதில் நாக்கில் நின்றது. நான், “ஓம்” என்றேன்.

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் படித்த பெண் நம்முடைய கடையில் வெங்காயம் உரிக்கிறாள் என்று மீன்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை. அமெரிக்காக்காரி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஸ்வெட்டர் மூன்று குளிர்காலம் தாங்கியது. பிறகு முழங்கையில் கிழிந்து, கந்தலாகி, ஒரு நாள் தரை துடைக்கப் போனது. எத்தனை சனம் கை வைத்துப் பார்த்த துணி அது!

கடையிலிருந்து அச்சகத்துக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. எங்கள் மரண அறிவித்தல்களை வாசித்தவர்களுக்குத் தெரியும். இறந்தவரின் படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் அவர் இருக்கும் நாடு. அடித்து முடிந்ததும் லா சப்பல் கடைக் கதவுகளில் ஒட்டுவோம். நின்று வாசிக்கிறவர்கள் படத்தை ஒரு தரம் பார்ப்பார்கள், அடைப்புகளை இரண்டு தரம் வாசிப்பார்கள். “அடைப்புக்குள்ளை என்ன போடுறது?” என்பதுதான் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி. அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

நான் வேலை தொடங்கிய காலத்தில் பிரான்ஸ் என்று போட்டாலே பெருமை. பிறகு லண்டனும் கனடாவும் அதை ஓரங்கட்டின. அமெரிக்கா மட்டும் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதிலும் கல்லூரிப் பெயரோடு வருகிற அமெரிக்கா என்றால் தனி மரியாதை. ஒரு தாய், தன் மாமனாரின் அறிவித்தலில் மகனுடைய கல்லூரிப் பெயரை ஆங்கில எழுத்தில் தடிப்பாகப் போடச் சொன்னார். பெயர் இரண்டு வரிக்கு நீண்டு, செத்துப்போன மனிசனின் பெயரைவிடப் பெரிதாகிவிட்டது. நான் சிரிக்கவில்லை. பொறாமையில் சிரிப்பு வரவில்லை.

கடந்த சில வருடங்களாக அந்த அடைப்புக்குள் ஏதோ நடக்கிறது. போன வருடம் கலியாண அட்டைக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பன், எல்லாம் அடித்து முடிந்த பிறகு திரும்பி வந்தார்.

“தங்கச்சி, அமெரிக்கா எண்டதை எடுத்துவிடும். பொம்பிளை வீட்டார் விசா எவ்வளவு காலத்துக்கு எண்டு கேக்கினம். படிப்பை மட்டும் போடும், அதுவே காணும்.”

இருபது வருடத்துக்கு முன் அந்த ஒரு சொல்லுக்காகவே பெண் வீட்டார் வரிசையில் நின்றிருப்பார்கள். இன்னொரு தாய் தன் மகள் நெதர்லாந்தில் படிக்கிறாள் என்று அமெரிக்காவைச் சொல்லும் குரலில் சொன்னார். இன்னொருவர் சிங்கப்பூர் என்றார். ஊருக்கெல்லாம் அடைப்புப் போட்டுக் கொடுக்கிற நான் இதையெல்லாம் கண்டும் காணாதவள் மாதிரி இருந்தேன். ஏனென்றால் என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. அவளுக்கான அடைப்பை நான் அவள் பிறந்த அன்றே தீர்மானித்துவிட்டேன்.

மகள் கணக்கில் கெட்டிக்காரி. லிசே என்கிற உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். நான் தமிழில் பேசுவேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீடு அப்படித்தான் ஓடுகிறது. அமெரிக்காவுக்கு ஒரேயொரு விண்ணப்பம் போட்டுப் பார் என்று ஒரு வருடமாக அவளைத் தின்றேன். என் தொல்லை தாங்காமல் போட்டாள். கிடைத்துவிட்டது. அண்ணனின் கல்லூரி அல்ல, ஆனால் அதற்குக் கீழே வைக்க முடியாத பெயர். செலவில் பாதிக்கு மேல் அவர்களே தருவார்கள். நான் சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவளோ கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் பாணுக்கு வெண்ணெய் பூசினாள்.

“நான் சென் தெனியில் படிக்கப் போகிறேன்” என்றாள், பிரெஞ்சில்.

சென் தெனி! பாரிஸின் எல்லையில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கோட்டு வாங்கப் போகிற இடம். அங்கே இருக்கிற பல்கலைக்கழகத்தை நான் ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. அவள் அங்கே புது மாணவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் நாளில் போயிருக்கிறாள். கணிதம் படிப்பிக்கிற பேராசிரியை ஒருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து அந்த வருடம்தான் வந்தவராம். அங்கே அவருடைய ஆய்வுக்குழுவைக் கலைத்துவிட்டார்களாம். என் மகளோடு அரை மணித்தியாலம் நின்று ஒரு கணக்கைப் பற்றிப் பேசினாராம்.

“அங்கே இருந்தவரே இங்கே வந்துவிட்டார். நான் எதற்கு அங்கே போக வேண்டும்? அடுத்த வருடம் விசா தருவார்களா என்றுகூட யாருக்கும் தெரியாது.”

“பேர் எண்டு ஒண்டு இருக்கு, பிள்ளை. அது ஆயுசுக்கும் கூட வரும்.”

“அது உங்களுடைய காலத்துப் பெயர், அம்மா. எனக்கு நாற்பது வயதாகும்போது எந்தப் பெயர் பெரிதாக இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்கு அப்போதும் கணக்காகவே இருக்கும்.”

கோபம் தலைக்கேறியது. வெங்காயம் உரித்துக் கண் எரிந்தது இதற்காகவா என்று கத்தினேன். கத்தினதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, தான் இந்தச் சண்டையில் இல்லை என்று காட்டிக்கொண்டார். கல்லூரிக்குப் பதில் சொல்ல இன்னும் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேல், இருந்தது. அதற்குள் மனதை மாற்றிவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஊரிலிருந்த அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லியும்விட்டேன்.

அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயது. காது பாதிதான் கேட்கும். அமெரிக்கா என்ற சொல் மட்டும் முழுதாகக் கேட்டது.

“அப்ப பிள்ளைக்கு என்ன நிறச் சுவெற்றர் குடுப்பினம்?” என்று கேட்டார்.

“நீலம், அப்பா” என்றேன். எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அப்பா நித்திரையிலேயே போய்விட்டார். நான் விமானம் பிடித்துப் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிடும் என்றார்கள். கைபேசியில் பார்த்தேன். அண்ணனும் அமெரிக்காவிலிருந்து அப்படித்தான் பார்த்தார்.

அறிவித்தலை நானே செய்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. எத்தனையோ பேரின் தகப்பன்மாரை அந்தத் திரையில் வைத்துக் கரை போட்டிருக்கிறேன், அன்றைக்கு அப்பாவுக்கும் போட்டேன். பிள்ளைகளின் வரிசை முடிந்தது. பேரப்பிள்ளைகளில் என் மகளின் பெயர் வந்தது. அடைப்பைத் திறந்தேன். அடைப்புக்குள் என்ன போடுவது என்று என்னை நானே கேட்டேன். அப்பா கண்ணுக்கு முன்னால் அலுமாரியைத் திறந்துகொண்டு நின்றார். அவருக்குக் கடைசியாக நான் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான் என்று பட்டது. பல்கலைக்கழக மாணவி, அமெரிக்கா என்று அடித்து, அடைப்பை மூடினேன்.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறக்கத் திறப்பு வாங்க மகள் அச்சகத்துக்கு வந்தாள். வரும் வழியில் மளிகைக் கடைக் கதவில் அம்மப்பாவின் படத்தைக் கண்டு நின்று வாசித்திருக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டாள். உள்ளே வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நான் எப்போது போனேன்?”

“போகத்தானே போறாய்.”

“என்னைக் கேட்கவில்லை. அம்மப்பா செத்த காகிதத்தில் என்னை ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.”

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. தெருவில் மட்டும் பேச்சு. “மோளும் அமெரிக்காவோ? உம்மைப் போலத்தானே” என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினேன். துக்க வீட்டுக்காரியிடம் வாழ்த்தும் சொன்னார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு, நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து முன்னால் உட்கார்ந்தாள். தமிழில் பேசினாள். அவள் தானாகத் தமிழில் பேசுவது வருடத்தில் இரண்டு தரம் நடந்தால் பெரிது.

“அம்மா, நான் போறன். அம்மப்பாவின்ரை நோட்டீஸ்ல எழுதியாச்சு. அது பொய்யா இருக்கக் கூடாது.”

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. நெஞ்சு நிறைய வந்தது. எழுந்து அவளைக் கட்டிப்பிடிக்கக்கூடப் போனேன். அவள் என்னைப் பார்க்காமல் வெட்டிவைத்த கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். அழுகிய வெண்டிக்காய்களுக்கு நடுவில் இருந்து ஓம் என்று சொன்னபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். என் பொய் ஒரு சொல்லோடு போயிற்று. இவளோ நான் எழுதிய பொய்யை நான்கு வருடம் போய் வாழ்ந்து காட்டப் போகிறாள். வெட்கமாக இருந்தது. யோசிக்க ஒரு நாள் தா என்று அவளிடம் சொன்னேன், ஏதோ முடிவு என்னுடையது என்கிற மாதிரி.

மறுநாள் அண்ணன் தொலைபேசியில் வந்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்கான அறிவித்தலைப் பற்றிப் பேசத்தான் எடுத்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு தொண்டையைச் செருமினார்.

“இவன் மகனுக்கு லியோனிலை இடம் கிடைச்சிருக்கு. அங்கை வந்துதான் படிக்கப் போறான்.”

“எங்கை, பிரான்சிலையோ? ஏன் அண்ணை, உங்கடை கல்லூரி?”

“அந்தக் காலம் வேறை பிள்ளை. நான் வரேக்கை வா எண்டு கூப்பிட்டவை. இப்ப இஞ்சை பிறந்தவனுக்கே கடனிலைதான் படிப்பு. அந்தப் பேருக்கு இன்னும் எத்தினை வருசம் மதிப்போ தெரியேல்லை. முந்தி வகுப்பிலை ஒருத்தன் ஆப்பிரிக்கா, ஒருத்தன் சீனா, ஒருத்தன் நான். அதுதான் அந்த இடத்தின்ரை சிறப்பு. அதையே குறைச்சுக்கொண்டு வருகினம்.” பிறகு விசயத்துக்கு வந்தார். “முப்பத்தொண்டு அறிவித்தலிலை அவன்ரை பேருக்குப் பக்கத்திலை பிரான்ஸ் எண்டு போட்டுவிடன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எந்த வாசலை அடைய நான் இருபத்தேழு வருடமாக எக்கிக்கொண்டு நின்றேனோ, அந்த வாசலுக்கு உள்ளே இருந்தவர் தன் பிள்ளையை என் பக்கம் அனுப்புகிறார். நாளைக்கு அந்தப் பெயர்கள் மறுபடி மேலே வரலாம், வராமலும் போகலாம். இன்னும் இருபது வருடத்தில் அடைப்புக்குள் எந்த ஊர் நின்று பெருமை பேசும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்தது.

“பெடியன் முதலிலை வந்து இறங்கட்டும் அண்ணை. பிறகு போடுவம்.”

அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

“அம்மப்பாவின்ரை நோட்டீசுக்காக நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை. பொய் எழுதினது நான். அதை நானே திருத்திறன்.”

“உங்களுக்குக் கவலை இல்லையா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“கவலைதான். நிறையக் கவலை. அது என்ரை பாடு.”

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அன்றே கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதினாள். எழுதும்போது நான் பக்கத்து அறையில் துணி மடித்தேன். என்னால் பார்க்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அறிவித்தலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பிரான்ஸ் என்று மட்டும் போட்டேன். ஒட்டுவதற்கு அவளும் கூட வந்தாள். மளிகைக் கடைக் கதவில் பழையதை உரித்துவிட்டு அவள் புதியதைப் பிடிக்க, நான் ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டினேன். கடைக்காரர் வெளியே வந்தார். அதே மனிசன்தான். மீசை நரைத்துவிட்டது, கடை மகனிடம் போய்விட்டது, ஆனாலும் காலையில் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். அடைப்புகளை இரண்டு தரம் வாசித்தார்.

“என்ன அமெரிக்காக்காரி, மோளின்ரை அமெரிக்கா எங்கை?”

“அவள் போகேல்லை அண்ணை. இஞ்சை சென் தெனியிலைதான் படிக்க எழுதிக் குடுத்திருக்கிறாள்.” நான் மகளைப் பார்த்தேன். பிறகு சொன்னேன், “நானும் போகேல்லை. அண்டைக்கு நீங்கள் கேக்கேக்கை ஓம் எண்டது பொய். அந்தச் சுவெற்றர் என்ரை அண்ணையின்ரை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் பிள்ளை. அமெரிக்காவிலை படிச்ச ஆள் என்ரை கடையிலை வந்து ஏன் வெங்காயம் உரிக்கப் போகுது?”

“அப்ப ஏன் அண்ணை இவ்வளவு வருசமா அப்பிடிக் கூப்பிட்டனீங்கள்?”

“அண்டைக்கு நீர் நிண்ட நிலைக்கு, இல்லை எண்டு சொல்லியிருந்தால் அழுதிருப்பீர். ஓம் எண்டு சொன்னதாலை அழாமல் வேலைக்குப் போனீர். பிறகு அது இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன்.”

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளருக்கு முருங்கைக்காய் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். மகள் என் கையிலிருந்த ஒட்டுநாடாவை வாங்கிக்கொண்டாள். நான் அந்தக் கடை வாசலில், அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, இருபத்தேழு வருடத்துக்கு முன் அழாமல் விட்டதை அழுது முடித்தேன்.